அகலக் கோண லென்ஸ்: ஓரங்களையும் ஒப்பிட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமராக்களுக்கான அகலக் கோண லென்ஸ்களை ஒப்பிட்டு வெளியான கட்டுரையைப் படித்தேன். விலை, எடை, அப்பர்ச்சர் (ஒளி புகும் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) ஆகியவற்றை அட்டவணையாகத் தந்து, எஃப் 2.8 லென்ஸ்களை மேலேயும் எஃப் 4 லென்ஸ்களைக் கீழேயும் வைத்திருக்கிறார் கட்டுரையாளர். மதுரையில் கல்யாணங்களையும் பழைய கட்டடங்களையும் படமெடுத்துப் பிழைக்கும் எனக்கு இந்த வரிசை ஒத்துவரவில்லை. படத்தின் நடுப்பகுதியை எந்த லென்ஸும் ஒழுங்காகத்தான் எடுத்துவிடும். அகலக் கோண லென்ஸுக்கு நாம் கூடுதலாகக் காசு கொடுப்பது ஓரங்களுக்காக. கட்டுரையோ ஓரங்களைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை.

லென்ஸின் குவியத் தூரம் (மி.மீ. கணக்கு) குறையக் குறையப் படத்துக்குள் அடங்கும் பரப்பு கூடும்; 14 மி.மீ.க்கும் 16 மி.மீ.க்கும் பெரிய வேறுபாடில்லை என்று அதில் கண்டிருப்பதும் சரியல்ல. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லின்) அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரை நேருக்கு நேர் நின்று எடுத்தால், 24 மி.மீ. லென்ஸில் 15 மீட்டர் அகலமும், 16 மி.மீ. லென்ஸில் 22.5 மீட்டரும், 14 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 25.7 மீட்டரும் படத்துக்குள் வரும். தூரத்திலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸில் இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. இங்கே அதே இரண்டு மில்லிமீட்டர் மூன்று மீட்டருக்கு மேல் போகிறது. திருமலை நாயக்கர் மகாலில், முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் நகர்ந்தும் கடைசித் தூண் சட்டகத்துக்குள் வராமல் நின்றவர்களுக்கு அந்த மூன்று மீட்டரின் அருமை தெரியும்.

அதற்காக 14 மி.மீ.தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நேர்க்கோடுகளை நேராகவே காட்டும்படி அமைந்த லென்ஸ், ஓரத்திலுள்ள உருண்டையான பொருள்களை இழுத்து அகலமாக்கியே தீரும். இது லென்ஸின் குறையல்ல, வடிவியலின் விதி; எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சட்டகத்தின் பக்க ஓரத்தில் விழும் முகம், 35 மி.மீ. லென்ஸில் இருக்க வேண்டியதைவிட எட்டில் ஒரு பங்கும், 24 மி.மீ. லென்ஸில் கால் பங்கும் அகன்றுவிடும், 16 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மடங்காகவே ஆகிவிடும். மண்டப மேடையில் இடம் போதவில்லை என்று 16 மி.மீ. லென்ஸில் குடும்பப் படம் எடுத்து, ஓரத்தில் நின்ற, மணப்பெண்ணின் பெரியம்மாவை அப்படி அகலமாக்கி ஆல்பத்தில் ஒட்டிக் கொடுத்தால், அந்த வீட்டின் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வருமா என்பதைக் கட்டுரையாளரே யோசித்துப் பார்க்கட்டும். கூட்டமாக நிற்பவர்களை எடுக்க 28 அல்லது 35 மி.மீ. போதும், இடம் இல்லையென்றால் இரண்டு வரிசையாக நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டடம் எடுப்பவர்களின் பாடு வேறு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவுக்கும் செல்போனுக்கும் அனுமதியில்லை என்பதால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சித்திரை வீதிகளில் நின்று கோபுரங்களைத்தான் எடுக்கிறார்கள். கேமராவை அண்ணாத்தினால் கோபுரம் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கோபுரம் இயல்பிலேயே மேலே போகப் போகக் குறுகுவது என்பதால் அந்தச் சாய்வு இன்னும் மிகையாகத் தெரிகிறது. பலரும் பழியை லென்ஸ் மீது போடுகிறார்கள். உண்மையில், சென்சார் கோபுரத்துக்கு இணையாக நிமிர்ந்து நிற்காததுதான் காரணம். இதற்கென்றே கேனன் 2009இல் வெளியிட்ட 24 மி.மீ. டிஎஸ்-இ போன்ற ஷிஃப்ட் லென்ஸ்கள் இருக்கின்றன. கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் 12 மி.மீ. மேலே நகர்த்தலாம். ஆனால் விலை நம் போன்றவர்களுக்கு எட்டாது.

எட்டும் வழி ஒன்று உண்டு. தெற்குக் கோபுரம் 160 அடி என்று வைத்துக்கொண்டு, கேமரா நிற்கும் உயரத்தைக் கணக்கில் விட்டுவிடுவோம். 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை முழுவதும் நகர்த்தி, கேமராவை நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடித்தால், கலசம் வரை படத்தில் வர 128 அடி தள்ளி நிற்க வேண்டும். சாதாரண 14 மி.மீ. லென்ஸை அதேபோல மட்டமாகப் பிடித்தால் சுமார் 125 அடியே போதும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தார்ச்சாலையாக இருக்கும். அதை வெட்டி எறிந்துவிடலாம். 45 மெகாபிக்சல் கேமராவில் வெட்டியது போக 22 மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சுகிறது. பெரிய அளவில் பிரிண்ட் போட அது தாராளம். ஆனால் அப்போது கலசங்கள் வந்து விழும் இடம் படத்தின் விளிம்பு என்பதால், அந்த லென்ஸின் ஓரம் எவ்வளவு கூர்மையானது என்ற கேள்விக்கே மீண்டும் வந்து சேர்கிறோம்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கான புதிய லென்ஸ்களில் இது இன்னும் சிக்கலானது. 2021இல் வந்த கேனன் ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் எடை 165 கிராம்தான். அதன் ரா கோப்பை (கேமரா பதிந்த மூலத் தரவை) திருத்தமின்றித் திறந்தால் நேர்க்கோடுகள் பீப்பாய் போல வளைந்திருக்கும். அதே ஆண்டு வந்த ஆர்எஃப் 14-35 மி.மீ. எஃப் 4 லென்ஸை 14 மி.மீ.இல் வைத்தால், திருத்தாத படத்தின் மூலைகள் கறுத்தே கிடக்கும். கேமராவும் மென்பொருளும் அந்த வளைவை நிமிர்த்தி, மூலைகளை இழுத்து நிரப்பி நமக்குக் காட்டுகின்றன. இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எடையும் விலையும் குறைந்தது இந்த ஏற்பாட்டால்தான். என்றாலும், இழுத்து நிரப்பிய மூலையில் நுணுக்கம் குறையும், இருட்டை வெளுக்கச் செய்த இடத்தில் இரைச்சல் (புள்ளி புள்ளியான கறை) கூடும். ஒப்பிடுகிறவர் எந்த நிலையில் ஒப்பிட்டார் என்று சொல்லியாக வேண்டும்.

எஃப் 2.8 பற்றிச் சொல்லாமல் விட்டால் முறையாகாது. நட்சத்திரங்களை எடுப்பவருக்கும், இருண்ட மண்டபத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்களை எடுப்பவருக்கும் அந்த ஒரு ஸ்டாப் (எஃப் 4ஐவிட இரு மடங்கு ஒளி) அவசியம். அசையாத தூண்களை எஃப் 8இல் எடுப்பவருக்கு அது சுமைதான். கேனனின் 16-35 மி.மீ. எஃப் 2.8 மூன்றாம் பதிப்பு 790 கிராம். 2014இல் வந்த 16-35 மி.மீ. எஃப் 4 லென்ஸோ 615 கிராம், அதில் அசைவைத் தாங்கும் ஸ்டெபிலைசரும் இருக்கிறது. டிரைபாட் வைக்க விடாத இடங்களில் ஸ்டெபிலைசர் எவ்வளவு கைகொடுக்கும் என்பது வேலை செய்பவர்களுக்குத் தெரியும். நிக்கானின் 2007ஆம் ஆண்டு 14-24 மி.மீ. எஃப் 2.8 பேர்பெற்ற லென்ஸ். ஆனால் அதன் எடை ஒரு கிலோ; முன்கண்ணாடி புடைத்து நிற்பதால், அதைக் காக்கத் திருகி மாட்டும் ஃபில்டர் போட முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், தோல்பையிலிருந்து பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீர் நேராகக் கண்ணாடியில் வந்து விழும். எதிர்வெயில் பட்டால் ஒவ்வொரு துளியும் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. 82 மி.மீ. ஃபில்டர் ஏற்கும், 485 கிராமே உள்ள நிக்கான் இசட் 14-30 மி.மீ. எஃப் 4 போன்றவற்றை அந்த நாளுக்கு நான் முதலில் எடுத்து வைப்பேன். கட்டுரையின் அட்டவணையில் ஃபில்டருக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஒரே மாடலில் வரும் இரண்டு லென்ஸ்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. உள்ளே ஒரு கண்ணாடி இம்மி விலகியிருந்தாலும் இடது ஓரம் கூர்மையாகவும் வலது ஓரம் மங்கலாகவும் வரும். வாங்க நினைப்பவர்கள், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் ஒரு கரையில் நின்று எதிர்க்கரைச் சுவரைப் படத்தின் மேல்விளிம்பில் ஒருமுறையும் கீழ்விளிம்பில் ஒருமுறையும் வருமாறு, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்துப் பார்க்கட்டும். வளைவு, மங்கல் இரண்டும் அதிலேயே தெரிந்துவிடும். தாங்களும் அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, அட்டவணையைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு, ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்களின் மூலைகளை மட்டும் வெட்டிப் பக்கம் பக்கமாக அச்சிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன், ஒளிப்படக்காரன்,
மதுரை.