குயட் டைம் கார்டு இனிமே கிடையாது

அன்பான பெற்றோருக்கு, கர்த்தருடைய நாமத்துல வாழ்த்துக்கள்.

வழக்கமா பரீட்சை, ஃபீஸ், யூனிஃபார்ம்னுதான் எழுதுவேன், இந்த வாட்டி விஷயம் வேற, கொஞ்சம் நீளமும் கூட, நிதானமா படிங்க.

போன வாரம் ஆறாம் வகுப்பு குயட் டைம் கார்டெல்லாம் என் மேஜைக்கு வந்துச்சு. காலைல பிள்ளை வேதம் வாசிச்சுச்சா, ஜெபம் பண்ணுச்சான்னு டிக் போட்டு பக்கத்துல நீங்க கையெழுத்து வைக்கணுமே, அந்தக் கார்டுதான். ஒண்ணுல 14 நாளுக்கும் டிக் இருக்கு, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, கடைசி மூணு டிக்ல மை தீர்ந்துபோய் வெறும் கீறல்தான் தெரியுது. கையெழுத்தும் அப்படியே, 14ம் ஒரே மூச்சுல போட்டது. கூப்பிட்டு கேட்டேன், திட்டலாம் இல்ல, "மிஸ், நானும் அம்மாவும் ஞாயித்துக்கிழமை ராத்திரி உட்கார்ந்து முடிச்சிட்டோம் மிஸ்"னு ஹோம்வொர்க் முடிச்ச நிம்மதியோட சொல்லுது. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வெட்கமாவும் இருந்துச்சு, ஏன்னா அந்தக் கார்டை யோசிச்சு பிரிண்ட் பண்ணச் சொன்னதே நான்தான்.

மத்தேயு 6ல இயேசு அறைவீட்டுக்குள்ள போய் கதவைப் பூட்டிக்கிட்டு ஜெபம் பண்ணச் சொல்றார், நான் என்னடான்னா அந்தக் கதவுலேயே அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை தொங்கவிட்டிருக்கேன். அதனால அடுத்த மாசத்துலருந்து கார்டு கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

கார்டுதாங்க நிக்குது, பழக்கம் இல்ல. அதை இனிமே வீட்லதான் காப்பாத்தணும், பிள்ளைங்களோடதை மட்டும் இல்ல, உங்களோடதையும்.

மாற்கு 1ம் அதிகாரத்தை ஒருதடவை எடுத்துப் பாருங்க. முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசல்ல கூடியிருக்கு, எத்தனையோ நோயாளிகள், சொஸ்தமாக்கி முடிக்கவே ரொம்ப நேரம் ஆகியிருக்கும். மறுநாள் இயேசு இருட்டோடேயே எழுந்து தனியா ஜெபம் பண்ணப் போயிட்டார். நான் பிரசங்கத்துல கேட்டதெல்லாம் பெரும்பாலும் இத்தோட நின்னுடும், ஆனா எனக்கு முக்கியமா படறது அதுக்கு அடுத்த வசனம்தான், சீமோனும் கூட இருந்தவங்களும் தேடிக்கிட்டு போயி எல்லாரும் உம்மைத் தேடுறாங்கன்னு சொல்றாங்க. பாருங்க, அவருக்கே அந்த நேரத்தை யாரும் சும்மா விடல! தேடி வந்தவங்க கெட்டவங்களும் இல்ல, சொந்த சீஷர்கள், கொண்டு வந்ததும் நியாயமான காரணம். நம்ம ஜெப நேரம் போறதும் பெரும்பாலும் இப்படி நல்ல காரணத்தாலதான், பாவத்தாலன்னு சொல்ல முடியாது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும், டிபன் பாக்ஸ் கட்டணும், இன்னிக்கு மட்டும் ஒரு அவசர போன், அப்படியே மூணு வாரம் ஓடியிருக்கும்.

போன்னு சொல்லும்போது என் கதையையும் சொல்லிடறேன். பைபிள் ஆப்ல சங்கீதம் 119 வாசிச்சிட்டிருந்தேன், 176 வசனம், பாதிகூட தாண்டல, மேல ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. ஸ்டாஃப் குரூப்ல யாரோ சாவி எங்கன்னு கேக்குறாங்க. பதில் போட்டேன், அதுக்கு மூணு பதில், அப்புறம் ஒரு வீடியோ, நிமிர்ந்து பார்த்தா பெல் அடிக்க நேரமாச்சு. இப்ப காகித பைபிள்தான், போன் அடுத்த ரூம்ல சார்ஜ்ல கிடக்கும். உங்க காலையைக் கெடுத்ததுல பள்ளிக்கும் பங்கு இருக்கு, விடியக்காலை ஆறு மணிக்கே சர்க்குலர் தட்டிவிடறோம்ல. இனிமே காலை எட்டு மணிக்கு முன்னாடி எங்க குரூப்ல எதுவும் வராது, வந்தா என்னைக் கேளுங்க.

இடமே இல்ல மிஸ், சின்ன வீடுன்னு சில அம்மாமார் சொல்றாங்க. மெதடிஸ்ட் சபையை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட அம்மா சூசன்னா வெஸ்லி 19 பிள்ளை பெத்தவங்க, அதுல பல பேரை சின்னதுலேயே பறிகொடுத்தவங்க. ஏப்ரனை தலைக்கு மேல இழுத்துப் போட்டுக்கிட்டு ஜெபம் பண்ணுவாங்க, அதைப் பார்த்தா அம்மா கிட்ட போகக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியும்னு சொல்வாங்க. அதே மாதிரி உங்க வீட்லயும் ஒரு அடையாளம் வெச்சுக்கோங்க, ஒரு நாற்காலி, ஒரு மூலை, ஏதாவது. பிள்ளை அங்க உட்கார்ந்திருக்கும்போது தண்ணி எடுத்துட்டு வான்னு கூப்பிடாதீங்க. அப்பா உட்கார்ந்திருந்தாலும் அதே ரூல்தான்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு தண்டனையா வேதம் வாசிக்க வைக்காதீங்க. தம்பியை அடிச்சதுக்கு நீதிமொழிகள் ரெண்டு அதிகாரம் எழுதுன்னு சொன்னா நீதிமொழிகள் மேலதான் கோபம் வரும்.

விட்டுப்போச்சுன்னா? முழு பைபிளையும் ஒரு வருஷத்துல வாசிக்கற பிளான்ல 1189 அதிகாரம், அதாவது ஒரு நாளைக்கு மூணுக்கு மேல, 10 நாள் விட்டா 33 அதிகாரம் பாக்கி, அதைப் பார்த்தே பாதிப் பேர் மூணாவது புத்தகமான லேவியராகமத்துலேயே நின்னுடுறாங்க. பாக்கியைக் கட்ட வேண்டாம், இன்னிக்கு உள்ளதை இன்னிக்கு வாசிங்க, ஒரே ஒரு சங்கீதம்னாலும் பரவால்ல. தானியேல் 6லயும் பாருங்க, 30 நாள் ராஜாவைத் தவிர யார்கிட்டயும் விண்ணப்பம் பண்ணக்கூடாதுன்னு சட்டம் போட்ட பிறகு தானியேல் புதுசா எதையும் ஆரம்பிக்கல, முன்ன செஞ்சபடியே மூணு வேளை முழங்கால் போட்டார், அவ்ளோதான்.

வீட்ல இருக்கற கார்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, கணக்குப் போட்டுப் பாக்க ஆகும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை