ஐ.பி. (திவால்) மனு பற்றி நீ அம்மாவிடம் கேட்டது

கும்பகோணம்

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. "ஐ.பி. போட்டுவிட்டால் கடனெல்லாம் தீர்ந்துவிடுமாமே" என்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதாக அம்மா சொன்னாள். சார்பு நீதிமன்றத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வுபெற்றவன் வீட்டிலேயே இருக்க, அந்தக் கேள்விக்கு நீ யாரோ நண்பரின் பதிலை நம்பியிருந்தாய் என்பதுதான் எனக்கு வருத்தம். நீ கடன் பட்டதற்காக நான் வருந்தவில்லை.

மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த மனுக்கள் என் கை வழியாக எத்தனையோ போயிருக்கின்றன. மாவட்டங்களில் அது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. நீ இருக்கும் சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றத்தில் நடக்கிறது. 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் படித்துவிட்டு உன் நண்பர் பேசியிருக்கலாம். அதில் தனிநபருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உன்னைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு இன்னும் வரவில்லை.

மனு போட்ட அன்றே கடன் அழிந்துவிடாது. நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்தால் அவருடைய சொத்து நீதிமன்ற அலுவலர் பொறுப்பில் போய்விடும். கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாக வழக்குத் தொடுக்க முடியாது என்பது அதிலுள்ள உண்மையான நிம்மதி. ஆனால் அடமானம் வாங்கியவருக்கு அந்தத் தடை கிடையாது. பிறகு அந்த நிலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; அது கிடைக்கும்வரை தேர்தலில் நிற்க முடியாது, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினால்கூடக் குற்றம். எல்லா வழியும் அடைபட்ட சிறு வியாபாரிகள் அந்த மனுவைக் கொடுத்து, கொஞ்ச காலத்துக்குப் பின் தலை நிமிர்ந்து கடை திறந்ததையும் பார்த்திருக்கிறேன், அதனால் அதை அவமானம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் மாதம் 68,000 ரூபாய் சம்பளம் வாங்கும் உனக்கு அது தேவையில்லாத அறுவை சிகிச்சை.

உன் கணக்கை அம்மாவிடம் கேட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டு கிரெடிட் கார்டுகளிலும் சேர்த்து 3,40,000 ரூபாய். வட்டி மாதம் மூன்றரை சதவீதம். அப்படியானால் ஒரு மாத வட்டி 11,900 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறத்தாழ 14,000. குறைந்தபட்சத் தொகை என்று நீ ஓராண்டாக மாதந்தோறும் கட்டிவந்த 17,000 ரூபாயில் அசலுக்குப் போனது 3,000கூட இல்லை. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப லோன் ஆப்களில் 45,000 ரூபாய் வாங்கினாயே, அந்த இடத்தில்தான் பாதை தவறியது. முதல் மாதமே சொல்லியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம்.

அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியையும் வளையல்களையும் வங்கியில் அடகு வைக்கச் சொல்கிறாள். ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டியில் நகைக்கடன் வாங்கிக் கார்டுகளை அடைத்துவிட்டு, அதே 17,000 ரூபாயை மாதந்தோறும் நகைக்கடனுக்குக் கட்டினால் 22 மாதங்களில் கடன் முடியும். ஆப் கடனை நான் இன்றே அனுப்பும் பணத்தில் தீர்த்துவிடு. அதை எனக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் கொடு. தனிநபர் கடனின் தவணை ஒழுங்காகப் போகிறது, அதைத் தொடாதே. தவணை எடுக்கும் நாளில் கணக்கில் பணம் இருக்கட்டும்: கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, ஆனால் காசோலையோ தானியங்கிப் பற்றோ (ஆட்டோ டெபிட்) பணமின்றித் திரும்பினால் குற்ற வழக்கு ஆகலாம்.

பாதி கட்டினால் போதும் என்று வசூல் ஆள் ஆசை காட்டுகிறாராமே, ஒப்புக்கொள்ளாதே. அப்படி முடித்தால், நம் கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். நாளை நீ வீட்டுக்கடன் கேட்கப் போகும் இடத்தில் அந்த ஒரு சொல் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். முழுவதும் கட்டி, "குளோஸ்டு" என்று பதிவாவதைப் பார்த்து, நிலுவையில்லாச் சான்றைக் கையில் வாங்கு. சிபிலும் அதைப் போன்ற மற்ற மூன்று நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதில் தவறு இருந்தால் எழுத்தில் முறையிடு; 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 300இலிருந்து 900வரை போகும் சிபில் மதிப்பெண் ஒரே மாதத்தில் ஏறாது. ஒரு கார்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் தொலைபேசிக் கட்டணம்போல் சிறு செலவு செய்து, கெடு நாளுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவந்தால் மெல்ல ஏறும்.

சென்ற வாரம் இரவு ஒன்பது மணிக்கு நம் வீட்டுக்கு அழைத்து அம்மாவை அழவைத்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் அவர்கள் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரை மிரட்டவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அழைப்பு வந்த நேரத்தை நான் குறித்துவைத்திருக்கிறேன். வங்கிக்கு உன் பெயரில் புகார் எழுது. 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனுக்குக் கட்டணமின்றி இணையத்திலேயே அனுப்பலாம். நீ பயப்படுவதுபோல் சம்பளத்தையும் அவர்களாக அள்ளிக்கொண்டு போக முடியாது: தீர்ப்பு வாங்கி நிறைவேற்ற வந்தாலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது, உன் பி.எஃப். பணத்தையும் தொட முடியாது.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் புறப்பட்டு வா. மறுநாள் மாதத்தின் முதல் சனிக்கிழமை, வங்கி திறந்திருக்கும். இரண்டு கார்டுகளின் கடைசி ஆறு மாத அறிக்கைகளையும் அச்செடுத்து வா, எதையும் மறைக்காமல் எடுத்து வா. அம்மா நகைகளைத் துடைத்துப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா