எங்கள் பழைய எம்.ஜி. டி.சி. காரை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கோவை, கரூர், குன்னூர், சென்னை, அப்புறம் இங்கிலாந்து என்று பல ஊர்களிலிருந்து கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம். வண்டி ஓடுகிறது. "என்னாச்சு, எப்போ ஸ்டார்ட் பண்றீங்க?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லியாயிற்று, ஆனாலும் யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இது 1947 மாடல் எம்.ஜி. டி.சி., இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். போர் முடிந்த 1945இல் இங்கிலாந்தின் ஏபிங்டன் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கி 1949 வரை 10,000 வண்டிகள் செய்தார்கள். 1,250 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 19 அங்குலக் கம்பிச் சக்கரம், மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த பாடி. உலகக் கணக்கில் 10,000 என்பது அபூர்வம் இல்லைதான். நம் பக்கத்தில், அதுவும் முதலில் பதிவான காகிதத்தோடு ஒன்று கிடைப்பது நிஜமாகவே அபூர்வம்.

அந்தக் காகிதத்தில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்து ஷெட்டில் கிடந்த வண்டியோடு நைந்து போன ஆர்சி புக் ஒன்றும் வந்தது. உரிமையாளர் மாறும்போதெல்லாம் பெயர் எழுதும் பக்கங்களில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. முதல் பதிவில் ஒரு வெள்ளைக்காரர் பெயரும் குன்னூர் பக்கத்து எஸ்டேட் பெயரும் மட்டும் படிக்க முடிந்தது. அந்த எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவரின் மகனுக்கு என் முதல் நன்றி. ஐயா, முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்று எழுபது வருடத்துக்கு முந்தைய காரைப் பற்றிக் கேட்டால் யாராக இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பார்கள். நீங்கள் டீ கொடுத்து, பரணில் இருந்த உங்கள் அப்பாவின் டைரிகளை இறக்கிக் கொடுத்தீர்கள். துரை ஊருக்குக் கிளம்பும்போது "சின்னக் கார்" கோவை மில்காரர் ஒருவருக்கு விற்கப்பட்டது என்று அதில் ஒரே ஒரு வரி. அந்த வரி இல்லாமல் நான் மேற்கொண்டு ஒரு அடியும் நகர்ந்திருக்க முடியாது.

மில்காரர் வீட்டுப் பேத்திக்கு அடுத்த நன்றி. அக்கா, உங்கள் கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் பழைய ஆல்பங்களைப் புரட்டி, பானெட் திறந்த நிலையில் வண்டியும் தாத்தாவும் நிற்கும் போட்டோவைத் தேடி எடுத்தீர்கள். பின்பக்கம் தாத்தா கையெழுத்தில், வாங்கிக்கொண்டு போன சென்னைப் பையனின் பெயரும் முகவரியும்! அந்தப் பையன் வண்டியை வாங்கியது சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில் பந்தயம் ஓட்டுவதற்காக. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் அது. இருங்காட்டுக்கோட்டை டிராக் எல்லாம் ரொம்பப் பிற்பாடு வந்தது.

இங்கே எஞ்சின் கதையைச் சொல்ல வேண்டும். எம்.ஜி. கார் கிளப் இங்கிலாந்தில் 1930இல் தொடங்கிய அமைப்பு, டி.சி. போன்ற டி வகை வண்டிகளுக்கென்றே அதில் தனிப் பிரிவு இருக்கிறது. சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், இடது முன்கொம்பில் கொத்தியிருக்கும் எண்ணையும் எஞ்சினில் உள்ள பித்தளைத் தகட்டையும் படம் எடுத்து அங்கே ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. சேஸிஸ் சரி, ஆனால் தகட்டில் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற எஞ்சின் வகைக் குறியோடு எஸ்.சி. என்று சேர்ந்திருக்கிறதே, அது ஒரே கார்புரேட்டர் வைத்த எம்.ஜி.யின் ஒய் வகை சலூன் காரின் (மூடிய கூரை வைத்த குடும்பக் காரின்) எஞ்சின் என்றார். ஏபிங்டனில் இந்த சேஸிஸோடு எந்த எஞ்சின் போனது என்ற எண்ணையும் எடுத்துக் கொடுத்தார். சேஸிஸ் எண் வரிசை 251இல் தொடங்குவதற்குக் காரணம் தொழிற்சாலையின் டெலிபோன் எண் 251 என்பதையும் அவர்தான் சொன்னார். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, ஒரு பைசா வாங்காமல், என் கேள்விகளுக்கெல்லாம் அவர் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

அப்படியானால் அசல் எஞ்சின் எங்கே? அந்தச் சோழவரத்துப் பையன் இப்போது இல்லை. அவருடைய மகள் மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். பந்தயத்தில் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கின் பக்கவாட்டைக் குத்திவிட்டது, அதனால்தான் சலூன் எஞ்சினை மாற்றியிருக்கிறார். அப்பா தூக்கிப் போட விடவே இல்லை என்றார் அந்த அம்மா. இங்கிலாந்திலிருந்து வந்த அதே எண், தகட்டில் அப்படியே. விலை பேசலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன், "அது உங்க வண்டியோடதுதானே, எடுத்துட்டுப் போங்க" என்றார். அம்மா, அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிளாக்கில் இருந்த ஓட்டையை வெல்டிங் வைக்காமல், விரிசல் நெடுக ஆணி ஆணியாகத் தைத்து அடைத்த கோவை கணபதிப் பகுதிப் பட்டறைக்காரர்களுக்கு நன்றி. போல்ட்டுகளுக்காக ஆவாரம்பாளையம் லேத் அண்ணனுக்குத் தனி நன்றி. எம்.ஜி.க்கு எஞ்சின் செய்துகொடுத்த மோரிஸ் கம்பெனி வாங்கிய கவன்ட்ரி எஞ்சின் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையதாக இருந்தது, அங்கே இருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர் கணக்கில் மரை வெட்டுபவை. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக் கையில் இருந்ததோ அங்குலக் கணக்கு விட்வொர்த் ஸ்பேனர். ஆக இந்த எஞ்சினில் மரை மில்லிமீட்டர், தலை விட்வொர்த்! கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி 1.25, இதில் 1. பாதி வரை ஏறுவதுபோல் ஏறி, மரையை அரைத்துவிடும். அண்ணன் ஒரு பழைய போல்ட்டைக் கையில் உருட்டிப் பார்த்து, மரை கேஜை வைத்து, "இத கடையில தேடாதீங்க, நான் போட்டுத் தர்றேன்" என்றார். தலையில் வரும் சின்ன வளைவு முதற்கொண்டு அப்படியே கடைந்து கொடுத்தார்.

மரவேலை கரூர் மேஸ்திரி. பஸ்ஸுக்கு மரத்தில் பாடி கட்டிய காலத்தில் தொழில் பழகியவர், இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் நாட்டிலேயே கிடையாது என்று அடித்துச் சொல்வேன். தேக்கில் செய்துவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். அசலில் ஆஷ் மரம், அதுதான் வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். உளுத்து உதிர்ந்த துண்டுகளைப் பொறுமையாக ஒட்டி, பிளைவுட்டில் வரைந்து, ஒவ்வொரு கட்டையாக இழைத்தார். கதவுகள் பின்பக்கக் கீலில் திறப்பவை, தூண் ஒரு நூல் சாய்ந்தாலும் மூடாது. ஆக்சா பிளேடை இடுக்கில் நுழைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்ப்பார், எங்காவது பிடித்தால் கழற்றிவிட்டு மறுபடி இழைப்பார்.

பளபளவென்று எல்லாவற்றையும் புதிதாக்க நான் விடவில்லை. டேஷ்போர்டில் சோழவரத்துக்காரர் கூடுதல் சுவிட்சுக்குப் போட்ட துளை அப்படியே இருக்கிறது. அதை அடைப்பது அவரை அழிப்பது போல.

பதிவு விஷயத்தில் வழிகாட்டிய ஓய்வுபெற்ற போக்குவரத்து அதிகாரிக்கும் நன்றி. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்காக 2021இல் வந்த விதிகளில், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதை எடுத்துக் காட்டியவர் அவர். அதனால் குன்னூர் துரை காலத்து எண்ணோடுதான் வண்டி ஓடுகிறது.

டைரிப் பக்கம், போட்டோ, கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன், அசல்களைக் கொடுத்தவர்களிடமே திருப்பிவிட்டேன். கோவை வரும்போது ஒரு போன் போடுங்கள், மருதமலை வரை போய்வரலாம். இந்த வண்டியில் ஓட்டுபவருக்கு நேராக இருப்பது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள், ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் உட்காருபவருக்கு எதிரில். எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.