ட்ரோனுக்கு முன்னே ஒரு 'பசந்த்' பறந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

தோவாளைப் பக்கம் நெல்வயலில் ட்ரோனால் மருந்து அடித்த செய்தியில், வானிலிருந்து தெளிப்பது நமக்குப் புதுசு என்பதுபோல எழுதியிருந்தீர்கள். எனக்கு வயது 74. அந்த வேலைக்கென்றே கட்டிய விமானத்தில் மெக்கானிக்காக இருந்தவன்.

அதன் பெயர் 'பசந்த்'. ஹெச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டியது. 1980-ல் உற்பத்தி நிற்கும்வரை மொத்தமே 39 விமானங்கள்தான். 400 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், ஒரே ஒரு இருக்கை. மருந்துத் தொட்டி விமானிக்கு முன்னால் இருக்கும். பின்னால் வைத்தால், விமானம் எங்காவது மோதினால் தொட்டி வந்து ஆளை நசுக்கிவிடும்.

எஞ்சினைத் தொட்டதைவிட நான் விமானத்தைக் கழுவியதுதான் அதிகம். மருந்து அலுமினியத்தைத் தின்னும். சாயங்காலம் கழுவாமல் விட்டால் ரிவெட்டைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி கிளம்பும். அதைப் பழைய பல் பிரஷால் தேய்த்து எடுப்பேன். மருந்து பீய்ச்சும் நாசிலில் அடைப்பு எடுப்பதற்கும் அதே பிரஷ்தான்.

விடியும் முன்பே எழும்பிவிடுவோம். வெயில் ஏறிக் காற்று கிளம்பினால் அன்றைய வேலை முடிந்தது. வயலின் இரண்டு முனையிலும் பையன்கள் கொடி பிடித்து நிற்பார்கள். விமானம் ஒரு வீச்சு போனதும் அடி அளந்து தள்ளி நிற்கவேண்டும். மூக்கில் கட்டிய துண்டுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. அதை நினைத்தால், ட்ரோன் வந்தது நல்லதென்றே சொல்வேன்.

ஒருநாள் பருத்திக்கு அடித்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பியது. இன்னும் இரண்டு வீச்சுதானே என்று நிறுத்தவில்லை. பக்கத்து மல்பெரித் தோட்டத்தில் மருந்து விழுந்தது. அந்த இலையைத் தின்ற பட்டுப்புழுக்கள் தட்டுத் தட்டாகச் செத்தன. அந்த வீட்டம்மா ஒரு தட்டைத் தூக்கிவந்து விமானத்தின் சக்கரத்தடியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

கடந்த கன்னிப்பூவில், அதாவது எங்கள் பக்கத்து முதல் போக நெல் சாகுபடியில், எங்கள் ஊர் வயலில் ட்ரோன் பறந்தது காலை பதினொரு மணிக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த மாதங்களில் அடிக்கிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலை நிற்கிறது. வயலுக்கு அடுத்தது பிச்சித் தோட்டம், பூப் பறிக்கிற பெண்கள் வந்துபோகிற இடம். அதற்கப்பால் என் மருமகனின் பத்துத் தேனீப் பெட்டிகள். முந்தின நாள் சாயங்காலம் யாராவது சொல்லியிருந்தால் பெட்டியை மாற்றி வைத்திருப்போம். இந்த ஒரு தகவல் தவறாமல் வந்துசேர வேளாண் துறை பார்த்துக்கொண்டால் போதும்.

காற்றுப் பார்க்கக் கருவிகூட வேண்டாம். வரப்பில் ஒரு கம்பு நட்டு, நுனியில் வாழைநார் கட்டினால் போதும். நார் தொங்கினால் அடிக்கலாம். படுத்துப் பறந்தால் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் விடியக்காலம் வரச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.