தமிழ் வாசகர் வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, குளிரையும் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களே,

உங்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த அங்கத்தவர்களுக்கு முதலில் அஞ்சலி செலுத்துகிறோம்.

நிர்வாக சபை ஆறு தடவை கூடியது. பொங்கல் விழா வழமைபோல் நடைபெற்றது. கோடைகால ஒன்றுகூடல் மழையினால் அரை நாளோடு முடிந்தது. வாணி விழாவில் பிள்ளைகள் நால்வருக்கு ஏடு தொடக்கப்பட்டது. நூலகத்துக்கு 38 நூல்கள் அன்பளிப்பாகக் கிடைத்தன. இரவலாகப் போன 11 நூல்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

இனி, இந்த ஆண்டின் முக்கியப் பணியான ஜேர்மானியக் குடும்பப் பெயர்த் தொடரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன். அதைத் தொடங்கியவன் நான் என்பதாலும், அதைக் குறித்து நிர்வாக சபையில் ஆட்சேபம் எழுந்ததாலும், முழு விவரத்தையும் சபை முன் வைக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு.

சென்ற ஜனவரி மாதம் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு முடிந்த பிறகு, நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பப் பெயரின் பொருளைச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை கேட்டாராம். முல்லர் என்ற பையன் ‘மாவாலைக்காரர்’ என்றானாம், வேபர் என்ற பெண் ‘நெசவாளர்’ என்றாளாம். “என்னுடைய குடும்பப் பெயர் அப்பாவின் அப்பாவுடைய பெயர். அதற்கு நான் என்ன சொல்வது, மாமா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த ஜேர்மனி நாட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நூறு பெயர்களைக் கடந்து வேலைக்குப் போகிறேன், ஒன்றுக்கும் பொருள் தெரியாமல். அன்றிரவே, ஜேர்மானியக் குடும்பப் பெயர்களில் தொழிற்பெயர்கள் என்ற தொடர் அமர்வுக்குக் குறிப்பு எடுக்கத் தொடங்கினேன். பெப்ரவரி முதல் நவம்பர் வரை ஐந்து அமர்வுகள் நடைபெற்றன.

முதல் அமர்வை மண்டபத்துக்குள் வைக்காமல், நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலிலேயே வைத்தேன். அழைப்புமணிப் பலகையில் 16 பொத்தான்கள். வெயில் பட்டு மஞ்சளாகிப்போன காகிதத்துண்டு சிலவற்றில், அச்சுத்தகடு சிலவற்றில், பழைய பெயரின் மேலேயே புதிய பெயரை ஒட்டியிருந்த இடம் ஒன்று. பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்கள். ஒன்பது பெயர்கள் தொழிலைக் குறிப்பவை. இந்த நாட்டில் மிக அதிகமாக வழங்கும் பத்துப் பெயர்களை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான்: முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர், மேயர், வாக்னர், பெக்கர், ஷுல்ட்ஸ், ஹோஃப்மன். ஆலைக்காரர், கொல்லர், தையற்காரர், மீன்பிடிப்பவர், நெசவாளர், பண்ணைக் காரியத்தர், வண்டி செய்பவர், ரொட்டி சுடுபவர், ஊர்த்தலைவர், பெரும்பண்ணையைச் சேர்ந்தவர் என்று பத்தும் தொழிலோ பொறுப்போதான்.

எங்கள் பலகையில் எஸ்ஸர் என்று ஒரு பெயர் உண்டு. சாப்பிடுவதற்கு ஜேர்மன் மொழியில் ‘எஸ்ஸன்’ என்பதால், அதற்குச் சாப்பாட்டுக்காரர் என்று பொருள் என ஒரு சிறுவன் அடித்துச் சொன்னான். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இந்த ரைன் கரைப் பகுதியில் எஸ்ஸர் என்றால் வண்டிச் சில்லுக்கு அச்சுச் செய்பவர். இதே பொருளில் அஸ்ஸன்மாக்கர் என்ற பெயரும் இங்கே உண்டு. சில்லு மட்டும் செய்தவர் ராடமாக்கர். முழு வண்டியும் செய்தவர் தெற்கிலும் மத்தியிலும் வாக்னர், வடக்கில் ஸ்டெல்மாக்கர். ஒரே மாட்டுவண்டி, எத்தனை குடும்பங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது!

இரண்டாம் அமர்வில் இந்தப் பெயர்கள் எப்படி நிலைத்தன என்று பேசினேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு முன் இங்கே ஒருவருக்கு ஒரு பெயர்தான். நகரங்கள் பெருகியபோது ஒரே தெருவில் ஐந்து ஹைன்ரிச், ஏழு யோகான்னஸ். வரி ஏட்டிலும் சொத்து ஆவணத்திலும் யார் எவர் என்று தெரியவில்லை. ‘கொல்லர் ஹைன்ரிச்’ என்று எழுதினார்கள். பிறகு மகன் கொல்லுப்பட்டறையில் கால் வைக்காவிட்டாலும் அந்தப் பெயர் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. கொலோன், பாசல் போன்ற மேற்கு, தெற்கு நகரங்களில் தொடங்கிய வழக்கம் மெதுவாக வடக்குக்கும் கிராமங்களுக்கும் பரவியது.

அந்த அமர்வில் மூத்த அங்கத்தவர் ஒருவர் மிக நல்ல கேள்வி கேட்டார். அந்தக் காலத்தில் பத்தில் எட்டுப் பேர் உழவர்களாக இருந்திருப்பார்களே, பிறகு எப்படி ஆலைக்காரர் முதலிடத்துக்கு வந்தார் என்று. விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எல்லோரும் உழும் ஊரில் ‘உழவர்’ என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்? பெயர் ஒருவரைப் பிரித்துக் காட்ட வேண்டும். மாவாலை ஊருக்கு ஒன்றுதான். ஆண்டையின் ஆலையைத் தவிர வேறெங்கும் தானியம் அரைக்கக் கூடாது என்ற கட்டாயமும் பல இடங்களில் இருந்தது. ஆகவே ஊருக்கொரு முல்லர். ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் முல்லர்களும் ஆயிரக்கணக்கில் ஆனார்கள். கொல்லரின் கதையும் இதுவே.

மூன்றாம் அமர்வு வரைபடம். ஒரே தொழில் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு பெயர் பெற்றதைப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிக் காட்டினார்கள். இறைச்சி வெட்டுபவர் தென்மேற்கில் மெட்ஸ்கர், கிழக்கில் ஃப்ளைஷர், வடக்கில் ஷ்லாக்டர். மண்பாண்டம் செய்பவர் தெற்கில் ஹாஃப்னர், கிழக்கில் டோப்ஃபர், ஹெஸ்ஸன் பக்கம் ஓய்லர். பீப்பாய் கட்டுபவர் எங்கள் பக்கம் ஃபாஸ்பெண்டர், ஃபிராங்கோனியாவில் பியுட்னர், வடக்கிலும் கிழக்கிலும் பொட்சர். வடக்கில் ஷ்ரோடர் என்றால் தையற்காரர். துணியை ‘வெட்டுபவர்’ என்பது அதன் பொருள். அதே சொல் திராட்சை விளையும் ஊர்களில் மதுப் பீப்பாய்களை உருட்டி இறக்குபவரைக் குறித்தது. அந்த வரைபடம் இன்று பின்சுவரில் தொங்குகிறது. தயவுசெய்து போகும்போது ஒரு தடவை நின்று பாருங்கள்.

இந்த இடத்தில் ஆட்சேபத்துக்கு வருகிறேன். “தமிழ் வாசகர் வட்டத்துக்கு ஜேர்மன் பெயர் எதற்கு?” என்று நிர்வாக சபையில் கேட்கப்பட்டது. நான்காம் அமர்வு அதற்கான என் பதில். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் படித்தவர்கள் தங்கள் தொழிற்பெயரை இலத்தீனுக்கு மாற்றிக்கொண்டார்கள். முல்லர் மோலிட்டர் ஆனார், ஷ்னைடர் சர்தோரியுஸ் ஆனார். கவிஞர் கோதேயின் தாய்வழிக் குடும்பப் பெயர் டெக்ஸ்டர். அது முன்பு வேபர், நெசவாளர். ஷ்மிட் என்ற கொல்லர் இலத்தீனில் ஃபாபர், ஃபப்ரிசியுஸ். ஃபப்ரிசியுஸ் என்றவுடன் நமக்கு யார் நினைவுக்கு வர வேண்டும்? 1740இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, சென்னையிலேயே வாழ்ந்து 1791இல் மறைந்த ஜேர்மானிய மிஷனரி யோகான் பிலிப் ஃபப்ரிசியுஸ். தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவர். அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சேறியது. நாம் இன்று கைப்பேசியில் தட்டிப் பார்க்கும் தமிழகராதிகளுக்கு முன்னோடிகளுள் ஒன்றைத் தொகுத்தவர் கொல்லர் என்ற பெயரைச் சுமந்திருந்தார். அவருக்கு முன் 1719இல் வந்து, முன்னோடி மிஷனரி சீகன்பால்கு முடிக்காமல் விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை நிறைவு செய்த பெஞ்சமின் ஷுல்ட்ஸேயின் பெயருக்கு ஊர்த்தலைவர் என்று பொருள். இது தமிழ் வாசகர் வட்டத்தின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

நான்காம் அமர்வின் பகுதியாக டூயிஸ்பூர்க் பயணமும் ஏற்பாடாகியது. உலக வரைபடத்துக்குப் பேர்பெற்ற கெர்ஹார்ட் மெர்காட்டர் 1552 முதல் 1594இல் இறக்கும்வரை வாழ்ந்த நகரம் அது. அவருடைய இயற்பெயர் கிரேமர், சிறு வணிகர் என்று பொருள். அதன் இலத்தீன் வடிவமே மெர்காட்டர். சல்வதோர் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. 22 பேர் பெயர் கொடுத்தார்கள். அதை நம்பிக் குழு டிக்கெட்டுகளும் வாங்கினேன். காலை ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்தில் என்னுடன் நின்றவர்கள் ஐந்து பேர், அவர்களில் மூவர் பிள்ளைகள். பதினேழு பேரில் இருவர் மட்டுமே வர முடியாது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மூவரும் நினைவுக்கல்லின் முன் நின்று இலத்தீன் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்ததை மற்றவர்களும் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் மனக்குறை. டிக்கெட் பணம் இரண்டாம் பட்சம்.

ஐந்தாம் அமர்வே இந்த ஆண்டில் மிகுந்த வாதம் நடந்த அமர்வு. “தொழிற்பெயர் என்பது சாதிப்பெயர்தானே? அதைப் பிள்ளைகளுக்கு ஏன் படிப்பிக்கிறீர்கள்?” என்று ஒரு சகோதரி எழுந்து கேட்டார். கேட்டது சரி. நான் மழுப்பவில்லை. இந்த நாட்டிலும் தொழிலைக் கொண்டு மனிதரைத் தாழ்த்தினார்கள். ஆளிநார்த் துணி நெய்தவர், மேய்ப்பர், குளிப்பறைக்காரர், ஊதுகுழல்காரர் முதலியோரின் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்கள் பல இடங்களில் சேர்க்க மறுத்தன. அவர்களும் தகுதியுடையவர்களே என்று 1548இல் பேரரசின் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் ஆலைக்காரரும் இருக்கிறார். 1731இல் மறுபடியும் ஒரு சட்டம் வந்தது. அப்போதும் செத்த விலங்குகளை அகற்றியவர்களுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் இன்று முல்லர் என்ற பெயரைக் கேட்டு யாரும் ஒருவரின் குலத்தை எடைபோடுவதில்லை. பெயர் நிற்கிறது, இழிவு உதிர்ந்துவிட்டது. நம்மிடத்தில் பெயரிலிருந்து சாதியை எடுத்த பிறகும் ஊர் எது, கோயில் எது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு அதைக் கண்டுபிடிக்கிறோம். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்றே இந்த அமர்வை வைத்தேன். அந்தச் சகோதரி கடைசிவரை இருந்து கேட்டார். அவருக்கு என் நன்றி.

அதே அமர்வில் அந்தச் சிறுமிக்கும் பதில் கிடைத்தது. வடகடலோரத்து ஃபிரீசிய மக்கள் நம்மைப் போலவே தந்தையின் பெயரையே பிள்ளைக்குப் பின்பெயராகக் கொடுத்தவர்கள். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். 1811இல் நெப்போலியனின் ஆணை வந்து மாறாத குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னது. அப்படியும் அந்த வழக்கத்தை அவர்கள் எளிதில் விடவில்லை. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய பெயர்ச் சட்டம் ஃபிரீசிய வழக்குப்படி பெயரிட மீண்டும் இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளை தன் வகுப்பில், “எங்கள் வீட்டில் ஃபிரீசியர்களைப் போல அப்பாவின் பெயரை வைப்பார்கள், என் அப்பப்பாவின் பெயர் இந்த நாட்டுக் காகிதத்தில் நின்றுவிட்டது” என்று சொன்னாளாம். ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதினாராம்.

அடுத்ததாகச் சந்தா. 41 அங்கத்தவர்களில் 19 பேரே இந்த ஆண்டுச் சந்தாவைச் செலுத்தியிருக்கிறார்கள். எட்டுப் பேர் மூன்று ஆண்டுகளாகச் செலுத்தவில்லை. ஷுல்ட்ஸ் என்ற பெயர் ‘ஷுல்ட்ஹைஸ்’ என்ற பழைய சொல்லின் சுருக்கம். ஊரார் செலுத்த வேண்டிய கடமையைச் செலுத்தச் சொல்பவர் என்று பொருள். இதை நான் அமர்வில் வாசித்தபோது சிலர் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காக வாசிக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலையை நான்கு ஆண்டுகளாகச் செய்கிறேன். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்ற சொல்லைக் கதவடியில் நின்று கேட்பது மனத்துக்கு இதமான காரியம் அல்ல. மாதம் ஐந்து யூரோ கொடுக்க முடியாத நிலை யாருக்காவது இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லலாம். அது வெளியே போகாது. ஆனால் பதிலே சொல்லாமல் இருப்பது முறையல்ல.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மண்டப வாடகை கூடியதாலும் எதிர்பாராத சில செலவுகளாலும் செலவு வரவை ஓரளவு மிஞ்சியிருக்கிறது. அந்தக் குறையை முந்தைய ஆண்டு இருப்பிலிருந்து ஈடுசெய்திருக்கிறோம். பெயர்த் தொடருக்காக வட்டத்தின் நிதியிலிருந்து எடுக்கப்பட்டது வரைபடத் தாளுக்கும் பயண டிக்கெட்டுகளுக்கும் மட்டுமே என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். பற்றுச்சீட்டுகள் கோப்பில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

தலைவருக்கும் உபதலைவருக்கும் பொருளாளருக்கும், ஒவ்வொரு அமர்வுக்கும் தேநீரும் வடையும் கொண்டுவந்த மாதர் அணியினருக்கும், வரைபடம் தீட்டிய பிள்ளைகளுக்கும், மண்டபத்தைச் சலுகை வாடகைக்குத் தந்தவர்களுக்கும், கதிரைகளை அடுக்கி வைக்கும் இளைஞர் இருவருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐந்து அமர்வுகளின் குறிப்புகளையும் தொகுத்து 60 பக்க அளவில் எழுதி முடித்திருக்கிறேன். தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் சிறு நூலாக அச்சிட்டால் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம். அச்சுச் செலவுக்கு இன்றைய இருப்புப் போதாது. நிலுவைச் சந்தா வந்தாலே முக்கால் பங்கு சரியாகிவிடும். ஜேர்மன் பகுதியைப் பிழை பார்க்க, இங்கே பிறந்து படித்த இளையோர் இருவர் வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாராவது முன்வந்தால் கோப்புகளையும் சாவியையும் இன்றே கையளிக்கிறேன். யாரும் முன்வராவிட்டால், வேலை நடுவில் நிற்கக் கூடாது என்பதற்காகத் தொடர்வேன்.

இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் இருப்பார். பிழை பார்க்க விரும்புவோர் பெயரெழுத அதே மேசையில் ஒரு தாளும் வைத்திருக்கிறேன்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

நன்றி.

செயலாளர்