ஸ்காபரோ வீட்டுத்தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வசந்தகால நாற்றுப் பரிமாற்றமும் கோடை ஒன்றுகூடலும் வழமைபோல நடந்தேறின. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நாம் புதிதாகத் தொடங்கிய வேலைக்கு ஒதுக்குகிறேன்: பனிக்காலத்தில் ரொறன்ரோவில் நம் பின்வளவுக்கு வரும் பறவைகளுக்குத் தீனி வைப்பது.

தீனி வைத்தால் பறவைகள் தெற்கே போகாமல் தங்கிவிடும் என்று சிலர் தயங்கினார்கள். அந்தப் பயம் வேண்டாம். வலசை போகும் பறவையைக் கிளப்புவது முக்கியமாகப் பகற்பொழுது குறைவதுதான். நம்மிடம் வரும் சிக்கடி என்னும் சிறு குருவி, கார்டினல், சின்ன மரங்கொத்தி எல்லாம் வருடம் முழுவதும் இங்கேயே இருப்பவை. சாம்பல் நிற ஜங்கோ குருவியோ வடக்கிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க நம்மிடம் வருவது. உறைகுளிர் இரவில் சிக்கடி தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகையளவு இறக்கிக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்தே விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் நடந்து 1988இல் வெளியான ஓர் ஆய்வில், தீனி கிடைத்த சிக்கடிகளில் 69 வீதமானவை குளிர்காலத்தைத் தாண்டின. கிடைக்காதவற்றில் 37 வீதம்தான். இந்த வேறுபாடு கடுங்குளிர் மாதங்களில்தான் தெரிந்தது. ஆகவே தை, மாசிக் குளிரில் தீனிப்பெட்டி வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்பதே குழுவின் உறுதியான கருத்து.

எந்த விதை என்பது அடுத்த கேள்வி. மலிவான கலவைப் பைகளில் நிறைய இருப்பது, மைலோ எனும் சிவப்பு இறுங்குத் தானியம். இங்குள்ள குருவிகள் பெரும்பாலும் அதைக் கொத்தி வெளியே தள்ளிவிடும். தோல் மெல்லிய, எண்ணெய்ச்சத்து மிகுந்த கறுப்புச் சூரியகாந்தி விதை ஒன்றே போதும். மரங்கொத்திக்குச் சூயெட் என்னும் மாட்டுக் கொழுப்புக் கட்டி தொங்கவிடலாம். விதையைத் தின்ன வரும் அணிலைத் தடுக்க ஒரு வழி உண்டு. மிளகாயின் உறைப்பு பறவைகளுக்குத் தெரியாது, அணிலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டு மிளகாய்த்தூளைத் தூவவேண்டாம். காற்றில் பறந்து கண்ணில் விழும். உறைப்புப் பூசிய விதை கடையில் கிடைக்கிறது.

சனிக்கிழமை காகத்துக்குச் சோறு வைப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக வரும் வழக்கம். அந்தப் பரிவை நான் பெரிதாக மதிக்கிறேன். என்றாலும் இங்கே நிலத்தில் போடும் சோறு எலியையும் ரக்கூனையும்தான் அழைக்கும். 2023 ஏப்ரல் முதல் ரொறன்ரோ மாநகர விதிப்படி தனியார் வளவிலும் காட்டு விலங்குகளுக்கும் புறாக்களுக்கும் தீனி போடக்கூடாது. பாடும் பறவைகளுக்கு, நிலத்துக்கு மேலே, சுத்தமாக வைத்திருக்கும் பெட்டிக்குத்தான் விலக்கு உண்டு.

சுத்தம் என்பது விதிக்காக மட்டுமல்ல. அழுக்குப் பெட்டி சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமியையும் பிஞ்ச் குருவிகளின் கண்நோயையும் பரப்பும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாகக் காயவைத்து விதை போடுங்கள். கண் வீங்கிய குருவியைக் கண்டால் பெட்டியை உடனே இறக்கிவிடுங்கள்.

யன்னலில் மோதிச் சாகும் பறவைகள் பற்றிப் பல அங்கத்தவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள். பெட்டி கண்ணாடிக்கு ஒரு மீற்றருக்குள் இருந்தால் பறவைக்கு வேகமெடுக்க இடமிராது. இல்லையேல் பத்து மீற்றருக்கு அப்பால் வையுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளி ஒட்டினால் இன்னும் நல்லது. பறவைகள் கண்ணாடியில் மோதுவதைத் தடுக்க ரொறன்ரோவில் 1993இலிருந்து இயங்கும் ஃபிளாப் அமைப்பு இந்தப் புள்ளிகளையே வலியுறுத்துகிறது.

தோட்டக்காரர்களாகிய நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. சூரியகாந்தி, எக்கினேசியா பூச்செடிகளின் தண்டுகளை இலையுதிர் காலத்தில் வெட்டாமல் விடுங்கள். கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் அவற்றின் விதையைத் தேடி வரும். வெட்டிய கிளைகளை மூலையில் குவித்தால் காற்றுக்கு ஒதுங்க இடமாகும்.

ஒன்ராறியோவில் 1976இல் தொடங்கிய தீனிப்பெட்டிக் கணக்கெடுப்பே பின்னர், தீனிப்பெட்டிக்கு வரும் பறவைகளை மக்களே எண்ணித் தரும் ஃபீடர்வாட்ச் திட்டமாக வளர்ந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நடக்கும் அதில் இவ்வருடம் நம் சங்கமும் சேரவேண்டும் என்று முன்மொழிகிறேன். மொத்தமாக விதை வாங்க விரும்புவோர் இன்று கூட்டம் கலையுமுன் பெயர் தரவும். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்