வாசிகசாலை மண்டபத்தில் எங்களுக்கும் ஒரு மேசை வேண்டும்: யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகசபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவன். இப்போது திருநெல்வேலியில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். குடாநாட்டின் ஊர்தோறும் இயங்கிவரும் சனசமூக நிலையங்களிடமும் வாசிகசாலைகளிடமும் ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். என் வயதுப் பிள்ளைகள் கணினியிலும் கைபேசியிலும் விளையாடும் விளையாட்டுகளுக்கு உங்கள் மண்டபத்தில் ஓர் இடமும், அதற்கென்று ஒதுக்கிய நேரமும், கூடவிருந்து கவனிக்கப் பொறுப்பான ஒருவரும் வேண்டும். இதைக் கேட்டவுடன் உங்களிற் பலருக்குக் கோபம் வரக்கூடும் என்று தெரிந்தே எழுதுகிறேன். பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பதற்கு வாசிகசாலையே வாசலைத் திறந்துவிடுவதா என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆகவே என் காரணங்களைப் பொறுமையாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

சனசமூக நிலையம் ஒருபோதும் படிப்புக்கு மட்டுமான இடமாக இருந்ததில்லை. சாய்வான மரமேசையில் விரித்து வைத்த பத்திரிகையை ஒருவர் நின்றபடி வாசித்துக்கொண்டிருக்க, அடுத்த பக்கத்தில் பவுடர் தூவிய கரம் பலகையைச் சுற்றி நான்கு பேர் குனிந்திருப்பார்கள். விறாந்தையில் பெரியவர்களின் 304 ஆட்டம் நடக்கும். எங்கள் ஊரில் கடதாசி விளையாட்டை யாரும் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கியதில்லை, பணம் வைக்காத வரைக்கும். ஒரு வகைக்கு 76 புள்ளி, நான்கு வகைக்கும் சேர்த்து 304 என்ற அந்தக் கணக்கில், எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது இன்னும் வெளியில் நிற்கிறது என்று நினைவில் வைத்து, எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளியின் கையை அவர் இறக்கும் சீட்டிலிருந்தே கணித்து ஆட வேண்டும். அது நல்ல மூளைப்பயிற்சி என்று சொல்லித்தான் என் பேரனார் எனக்கு அதைப் பழக்கினார். மாலையில் நிலையத்து வளவில் கரப்பந்தாட்டம் நடக்கும். பரீட்சை வந்தால் அதே மண்டபத்தில் இலவச வகுப்பும் வைப்பார்கள். வாசிப்பையும் விளையாட்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, இரண்டையும் ஊரின் கண்ணுக்கு முன்னால் நடத்திய அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நீங்களும் உங்களுக்கு முன்னிருந்தவர்களும்தான். நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே கேட்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் கற்றவற்றுள் எனக்கு மிகப் பெறுமதியாகத் தோன்றும் சில விடயங்கள் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே கிடைத்தவை. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் முதலாம் வருட விரிவுரைகள் எவ்வளவு சிரமம் என்பதை அந்த வழியால் வந்தவர்கள் அறிவார்கள். அந்தச் சிரமத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் குப்பிதான். பரீட்சைக்கு முன்னர், பாடம் விளங்கிய ஒருவன் விளங்காத பத்துப் பேரை விடுதி அறையில் இருத்தி, இரவிரவாகப் படிப்பிப்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். எங்கள் பிரிவில் தரவுக் கட்டமைப்புகள் பாடத்துக்குக் குப்பி எடுத்தவன் மாத்தறையிலிருந்து வந்த சிங்கள மாணவன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்களிற் பெரும்பாலானோருக்குச் சிங்களம் தெரியாது, இரு பக்கத்தினரின் ஆங்கிலமும் தடுமாற்றம். ஆனாலும் அவன் வெண்பலகையில் கீறிக் காட்டும்போது எங்களுக்கு விளங்கியது. காரணம், அதற்கு முன்னரே அவனையும் சேர்த்து நாங்கள் நால்வர் ஓர் அணியாகப் பப்ஜி விளையாடப் பழகியிருந்தோம்.

அந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நூறு பேர் வரை ஒரு தீவில் இறக்கப்படுவார்கள். நான்கு பேர் கொண்ட அணிகளாக ஆடும்போது ஒருவர் தனியே ஓடினால் அணியே தோற்கும். யார் எங்கே நிற்கிறார், யாரிடம் மருந்து இருக்கிறது, எப்போது நகர வேண்டும் என்று இடைவிடாது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இடம், வலம், பின்னால், பொறு, ஓடு, நான் விழுந்துவிட்டேன், தூக்கிவிடு என்பவற்றை அவன் தமிழிலும் நாங்கள் சிங்களத்திலும் அங்கேதான் பிடித்துக்கொண்டோம். மன்னாரிலிருந்து வந்தவனும் மட்டக்களப்பிலிருந்து வந்தவனும் மற்ற இருவர். விரிவுரையில் ஊர் ஊராகப் பிரிந்து அமர்ந்திருந்த நாங்கள் ஒரே மேசையில் சாப்பிடத் தொடங்கியது அதன் பிறகுதான். நல்லிணக்கம் பற்றிப் பல கருத்தரங்குகளில் அமர்ந்திருக்கிறேன். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எனக்கு ஒரு நண்பனைத் தந்தது அந்த விளையாட்டுத்தான், இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

அந்த நட்பு எங்களைப் பயணத்துக்கும் அழைத்துச் சென்றது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. என் பெற்றோர் எங்கள் வயதில் இருந்தபோது தெற்கே போவதென்றால் கிளாலிக் கடலை இரவில் படகில் கடக்க வேண்டியிருந்தது. ஏ9 வீதி 2002இல் திறந்து 2006இல் மீண்டும் மூடப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்களோ காலையில் யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, கொழும்பு கோட்டையில் மாறி, கடலோரமாகவே ஓடும் தெற்குப் பாதையில் மாத்தறைக்குப் போய்ச் சேர்ந்தோம். நண்பனின் தாயார் எங்களுக்கென்று மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைத்திருந்தார். நாங்கள் மீன் சாப்பிடுவோம் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியாது. மறுநாள் தேவேந்திரமுனை வெளிச்சவீட்டடியில் நின்றபோது, பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு, நாட்டின் இரு முனைகளையும் கண்டுவிட்ட நிறைவு உண்டானது.

பிறகு அவன் எங்களோடு நெடுந்தீவுக்கு வந்தான். குறிகட்டுவானிலிருந்து புறப்பட்ட படகில், அலை அடித்து உப்புநீர் தெறிக்க, கைபேசிகளையெல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தோம். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பவளக் கற்களை அடுக்கியே கட்டிய மதில்களை அவன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒரு கல்லை மெதுவாக அசைத்து, அது நகராததைக் கண்டு வியந்தான். குதிரைகளையும் பெருக்குமரத்தையும் விட அந்த மதில்களே அவனுக்குப் பிடித்திருந்தன. வேறு பிரிவு மாணவர்கள் போகும் சுற்றுலாக்களைப் பார்க்கிறேன். பஸ் ஒன்றைப் பிடித்து நுவரெலியா, கண்டி என்று ஓடி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்து அவருடைய ஊரைப் பார்ப்பது வேறு.

இனி, நீங்கள் அஞ்சும் பக்கத்துக்கு வருகிறேன். அந்த அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையை நோய்களின் வகைப்பாட்டில் சேர்த்து, அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமை, வாழ்க்கையின் மற்ற அலுவல்கள் எல்லாவற்றுக்கும் மேலாக அதையே முன்வைத்தல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். பொதுவாகப் பன்னிரண்டு மாத அளவுக்கு இந்நிலை நீடித்திருந்தால்தான் நோய் என்று முடிவுசெய்வார்கள். விடுதியில் அப்படியான ஒருவனைக் கண்டிருக்கிறேன். அவன் விரிவுரைக்கு வருவதை விட்டான், பிறகு எங்களோடு விளையாடுவதையும் விட்டான். கதவைப் பூட்டிக்கொண்டு முன்பின் அறியாதவர்களோடு மட்டுமே விளையாடினான். என்னை யோசிக்க வைத்தது அந்தப் பூட்டிய கதவுதான். நாலு பேர் பார்க்க நடக்கும் ஆட்டத்தில், ஒருவன் எழும்பிப் போகாமல் இருந்தால் இன்னொருவன் கேட்பான்.

இரவில் விளையாடுவதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு, அதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. இணையப் பொதிகள் பலவற்றில் டேற்றாவின் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படுத்தக்கூடியதாக வருகிறது. பகலில் பாவிக்கும் பங்கு விரிவுரைக் காணொளிகளுக்கே போதாது. ஆகவே பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குப் பிறகு விழித்திருக்கிறார்கள், காலை எட்டு மணி விரிவுரையில் தூங்கி வழிகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு விளையாட ஓர் இடம் இருந்தால் இரவு இரண்டு மணிக்கு விளையாட வேண்டிய தேவையிற் பெரும்பங்கு குறைந்துவிடும்.

இணையமே இல்லாமலும் இதைச் செய்யலாம். ஒரே அறையில் உள்ள கணினிகளைச் சாதாரண வலையமைப்புக் கம்பியால் இணைத்தால், மைன்கிராஃப்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றை அறைக்குள்ளேயே சேர்ந்து விளையாடலாம். 1999இல் வெளிவந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தை, நிலையங்களில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் பழைய கணினிகளே தாங்கும். வெளிநாட்டு உறவுகள் அன்பளித்த கணினிகள் பாவனையின்றிக் கிடப்பதை நான் நேரிற் கண்டிருக்கிறேன். பணம் வைத்து ஆடும் எதையும் அங்கே அனுமதிக்க வேண்டாம். கடதாசி ஆட்டத்துக்கு நீங்கள் வைத்த அதே சட்டம் இதற்கும் போதும். விளையாட்டுக்குள் ஆடையும் ஆயுதமும் வாங்கவென்று பெற்றோரின் வங்கி அட்டையிலிருந்து பணம் போவதும் பூட்டிய அறையில் நடக்கும் காரியந்தான். உயர்தரப் பரீட்சைக் காலத்தில் அறையை மூடுங்கள், அல்லது அதையே குப்பிக்குத் தாருங்கள். நாங்கள் வந்து படிப்பிப்போம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஏற்பாடு பெண் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்க வேண்டும். கரம் பலகையும் 304 ஆட்டமும் எங்கள் ஊர்களில் ஆண்களுக்கென்றே ஆகிவிட்டன. பெண்கள் பத்திரிகை பார்க்கவும் உள்ளே வரத் தயங்கும் நிலையங்கள் இன்றும் உள்ளன. என்னோடு படிக்கும் மாணவி ஒருவர் எங்கள் எல்லோரையும் விடத் திறமையாக விளையாடுவார். ஆனால் விளையாட்டுக்குள் ஆண் பெயரே வைத்திருக்கிறார், குரலைத் திறப்பதேயில்லை. திறந்தால் முன்பின் தெரியாதவர்கள் பேசும் பேச்சு அப்படி. அவர் முகம் தெரிந்தவர்கள் நடுவே, பக்கத்து வீட்டு அக்கா கூடவிருக்க, தன் சொந்தப் பெயரில் விளையாடக்கூடிய ஓர் இடத்தை ஊர்தான் அமைத்துக் கொடுக்க முடியும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் காட்சிப் போட்டியாக இருந்த மின்விளையாட்டு, 2023இல் ஹாங்சோவில் ஏழு பிரிவுகளில் பதக்கத்துக்குரிய போட்டியாகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அங்கே போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போகக்கூடிய ஒருத்தி எங்கள் ஊரில் ஒளிந்திருந்து விளையாட வேண்டியிருப்பதே என் கவலை.

அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இக்கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். கிழமையில் இரண்டு மாலைகள், ஓர் அறை, நான்கு கணினிகள் இருந்தால் தொடங்கலாம். கம்பி இழுப்பதற்கும், பழைய கணினிகளைத் திருத்துவதற்கும், முதல் மாதங்களில் பொறுப்பாக அமர்ந்திருப்பதற்கும் என் நண்பர்களும் நானும் சம்பளமின்றி வருவோம். மாத்தறை நண்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். சனி, ஞாயிறு தினங்கள் எங்களுக்கு வசதியானவை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வடமராட்சியைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவன்